வளர்ப்புப் பறவைக்கு வீட்டிலேயே நகம் வெட்டுவது: பிடிப்பதில்தான் இருக்கிறது விஷயம்

கேள்வி சுருக்கமாக இதுதான்: சிங்கப்பூரில், சுவா சூ காங்கில் வீவக அடுக்குமாடி வீட்டில் மூன்று வயது காக்டெயில் (cockatiel, தலையில் கொண்டை உள்ள சின்னக் கிளி வகை) ஒன்று வளர்க்கிறீர்கள். தோளில் வந்து உட்கார்ந்தால் நகம் குத்துகிறது, மகளின் கையெல்லாம் கீறல். உங்கள் கணவர் நகவெட்டியோடு தயாராக நிற்கிறார். மாமனாரோ, "நான் எத்தனை வருஷமா மாத்தா பூத்தே வளர்க்கிறேன், என்கிட்ட குடுங்க" என்கிறார். (மாத்தா பூத்தே என்பது கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள சின்னப் பாட்டுப் பறவை.) வீட்டிலேயே வெட்டலாமா, எப்படி வெட்டுவது, ரத்தம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெட்டலாம். நான் மருத்துவர் இல்லை. பட்ஜி (budgie என்கிற குட்டிக் கிளி), காக்டெயில், பெரிய கிளி என்று பல வருஷமாக வளர்ப்பவன், தெரிந்தவர்கள் வீட்டுப் பறவைகளுக்கும் நகம் வெட்டிக் கொடுப்பவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: எல்லோரும் பயப்படுவது ரத்தத்துக்கு. ரத்தத்தை மாவு வைத்துக்கூட நிறுத்திவிடலாம். நெஞ்சை இறுக்கிப் பிடித்துவிட்டால்தான் ஒன்றும் செய்ய முடியாது. ஓரிரு நிமிஷத்தில் பறவையின் உயிர் போய்விடும். அதனால் உங்கள் கணவர் கையில் இருக்கும் நகவெட்டியைவிட, பறவையைப் பிடிக்கப்போகிற ஆள் யார் என்பதே எனக்குப் பெரிய கேள்வி.

அதற்கும் முன்னால், வெட்டத்தான் வேண்டுமா என்று பாருங்கள். குத்துவது வேறு, நீண்டுபோவது வேறு. பறவையை வழுக்காத ஒரு தட்டையான மேசையில் நிற்க வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். விரல்கள் மேசையோடு படிந்திருந்தால் நீளம் சரியாகத்தான் இருக்கிறது. நகம் தரையில் முட்டி விரல் நுனியைத் தூக்கி நிறுத்துகிறது, அல்லது விரலைப் பக்கவாட்டில் திருப்புகிறது என்றால் நீண்டுவிட்டது. கூண்டுக் கம்பியிலும் துணியிலும் அடிக்கடி மாட்டிக்கொண்டு இழுபடுவதும் ஓர் அடையாளம். இது அவசரமாகக் கவனிக்க வேண்டியது, ஏனென்றால் மாட்டின நகத்தோடு பறவை பயந்து பறக்கப் பார்த்தால் நகம் பிய்ந்துவிடும், சில சமயம் காலே ஒடியும்.

வெறுமனே குத்துகிறது, நீளம் சரி என்றால் வெட்டாதீர்கள். கூர்மை பறவைக்குத் தேவை. அதை வைத்துத்தான் கிளையைப் பிடித்து நிற்கிறது. நுனியை மட்டும் நக அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டால் போதும். மகளுக்கு ஒரு முழுக்கைச் சட்டை, உங்கள் தோளில் ஒரு குட் மார்னிங் துண்டு. பாதி வீடுகளில் பிரச்சினை இதோடு முடிந்துவிடும்.

நீண்டுதான் போயிருக்கிறது என்றால், ஏன் நீண்டது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் காரணம் கூண்டுக்குள்ளேயே இருக்கும். கூண்டோடு வருகிற வழவழப்பான பிளாஸ்டிக் குச்சியிலோ ஒரே பருமனான உருட்டுக் கட்டையிலோ நாள் முழுக்க உட்கார்ந்தால் நகம் தேய வழியே இல்லை. பாதத்தில் எப்போதும் ஒரே இடத்தில் பாரம் விழுவதால் புண்ணும் வரும். தோலோடு கூடிய, முண்டும் முடிச்சுமான இயற்கைக் கிளைகள் இரண்டு மூன்று, வேறு வேறு பருமனில் வையுங்கள். பறவை பிடிக்கும்போது விரல்கள் கிளையை முக்கால்வாசி சுற்ற வேண்டும், முழுதாகச் சுற்றி நகம் உள்ளங்காலைத் தொடக்கூடாது. கொய்யாக் கிளை அருமையானது: கடினமானது, பறவை கொறித்தாலும் ஆபத்தில்லை. ஆனால் புளோக்குக்குக் கீழே இருக்கிறதே என்று பூங்காவிலோ சாலையோரத்திலோ ஒடித்துவிடாதீர்கள், அது இங்கே சட்டப்படி குற்றம். சமூகத் தோட்டத்தில் கொய்யா வளர்க்கிறவர்களைத் தெரிந்தால் கவாத்து செய்யும்போது கேட்டு வாங்கலாம். பூச்சிமருந்து அடிக்காததா என்று மட்டும் விசாரியுங்கள். தேய்த்துக் கழுவி, நன்றாக வெயிலில் காயவைத்துக் கூண்டில் கட்டுங்கள்.

கடைகளில் சிமெண்ட் போல் சொரசொரப்பான குச்சி ஒன்று விற்பார்கள். அது ஒன்றே ஒன்று இருக்கலாம், தீனிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில். சாப்பிட வரும்போதெல்லாம் நகம் கொஞ்சம் தேயும். தூங்குகிற இடத்தில் வைக்கக்கூடாது, பாதம் புண்ணாகிவிடும். குச்சியில் மாட்டுகிற உப்புத்தாள் உறை வேண்டவே வேண்டாம். அது நகத்தைத் தேய்ப்பதைவிடப் பாதத்தைத்தான் உரசுகிறது.

இன்னொரு காரணம் உடம்பு. நகம் திடீரென்று வேகமாக வளர்கிறது, கூடவே அலகும் நீள்கிறது, நகத்திலோ அலகிலோ ரத்தம் கட்டின மாதிரி கருப்புப் புள்ளிகள் தெரிகின்றன என்றால் ஈரல் கோளாறாக இருக்கலாம். வருஷக்கணக்காகச் சூரியகாந்தி விதையும் கலவை விதையும் மட்டுமே தின்று வளர்ந்த பறவைகளில் இது அடிக்கடி வரும். ஈரல் கெட்டிருந்தால் ரத்தம் உறைவதும் தாமதமாகும். அப்படிப்பட்ட பறவைக்கு வீட்டில் நகம் வெட்டுவது விஷப் பரீட்சை. காலிலும் அலகோரத்திலும் வெள்ளையாகச் செதில் கட்டியிருந்தால் அது உண்ணி வகை. அதற்கும் மருந்துதான், வெட்டு இல்லை. இந்த அடையாளங்களில் ஒன்று இருந்தாலும் இதற்கு மேல் படிக்க வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். சிங்கப்பூரில் எல்லா விலங்கு மருத்துவமனையும் பறவை பார்ப்பதில்லை. நாய் பூனை மட்டும் பார்க்கிற இடமே அதிகம். போன் செய்து "காக்டெயில் பார்ப்பீர்களா, பறவை பார்க்கிற மருத்துவர் என்றைக்கு இருப்பார்" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நோய் இல்லாவிட்டாலும் அந்த எண்ணைக் கண்டுபிடித்துப் போனில் சேமித்துவிட்டுத்தான் நகவெட்டியைத் தொட வேண்டும்.

சரி, பறவை ஆரோக்கியம், நகம் நீளம், வெட்டத்தான் வேண்டும். எப்போது வெட்டுவது? காலையில், மருத்துவமனை திறந்திருக்கிற நாளில். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எல்லா வேலையும் முடிந்து ஹாலில் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை இது. காக்டெயிலுக்கு இன்னொரு குணம் உண்டு: இருட்டில் எதையாவது கண்டு மிரண்டு கூண்டுக்குள் அடித்துக்கொள்ளும். சாயங்காலம் வெட்டி, லேசாக ரத்தம் வந்து நின்றிருந்தால், ராத்திரி அந்த அடிபாட்டில் மறுபடி திறந்துகொள்ளும், நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். காலையில் செய்தால் உறைந்தது நன்றாகக் கெட்டிப்பட ஒரு பகல் கிடைக்கிறது.

அறையைத் தயார் செய்யுங்கள். ஜன்னல், பால்கனிக் கதவு எல்லாம் சாத்தி இருக்க வேண்டும். பன்னிரண்டாவது மாடியிலிருந்து வெளியே போன காக்டெயில் திரும்பி வருவது அபூர்வம். மேலே சுற்றுகிற மின்விசிறி நின்றிருக்க வேண்டும். அடுப்பில் எதுவும் கொதிக்கக்கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் துண்டுக்குள் பிடிபட்ட பறவை சீக்கிரம் சூடேறிவிடும். அதனால் சிறிது நேரம் ஏர்கானைப் போட்டு அறையைக் குளிரவைத்துவிட்டு ஆரம்பியுங்கள். கூண்டைச் சுற்றித் துரத்திப் பிடிக்காதீர்கள். துரத்திப் பிடித்த பறவைக்கு அப்போதே மூச்சு வாங்கும். விரலில் ஏற்றி அறைக்குள் கொண்டுவந்து, விளக்கை மங்கலாக்கிவிட்டுத் துண்டைப் போர்த்துங்கள்.

இப்போது பிடிப்பு. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு கொல்லன் துருத்தி மாதிரி முன்னும் பின்னும் போய்வந்தால்தான் காற்று உள்ளே போகும். அந்த அசைவைக் கை தடுத்துவிட்டால், மூக்கும் வாயும் திறந்திருந்தும் மூச்சு முட்டும். நல்ல மனசோடு, "தவறி விழுந்துடக் கூடாதே" என்று இறுக்கிப் பிடிக்கிறவர்கள் கையில்தான் பறவை சாகிறது. இந்த ஒன்றை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், முக்கியமாகப் பணிப்பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும்.

எப்படிப் பிடிப்பது? மெல்லிய பருத்தித் துண்டைப் பின்பக்கமாக வந்து முதுகில் போர்த்துங்கள். பூத்துண்டு வேண்டாம், அதன் நூல் வளையத்தில் நகம் மாட்டும். துண்டுக்கு மேலாகவே உங்கள் உள்ளங்கை பறவையின் முதுகில் படியட்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தலைக்கு இரண்டு பக்கமும், அந்த ஆரஞ்சுக் கன்னப் பொட்டுக்குக் கீழே, தாடை எலும்பை ஒட்டி வர வேண்டும். கழுத்தைப் பிடிக்கச் சொல்கிறானே என்று பயப்படாதீர்கள்: பறவையின் மூச்சுக்குழாய் முழு வளையங்களால் ஆனது, மெதுவான பிடிக்கு நசுங்காது. தலை அசையாவிட்டால் கடி இல்லை, உடம்பும் அடங்கிவிடும். மற்ற மூன்று விரல்களும் இறக்கை விரியாமல் பக்கத்தில் சும்மா அணைத்திருக்கட்டும். நெஞ்சுப் பக்கம் வெளியே பார்த்தபடி, எதுவும் தொடாமல் இருக்க வேண்டும். இறகுக்குள் நெஞ்சு ஏறி இறங்குவது உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பிடி தவறு.

பிடிக்கிறவர் நகத்தைப் பார்க்கவே கூடாது. அவர் கண் முழுக்கப் பறவையின் முகத்திலும் நெஞ்சிலும் இருக்கட்டும். வாயைத் திறந்து வேகமாக மூச்சு வாங்குகிறது, கண்ணை மூடுகிறது, உடம்பு துவள்கிறது, இதில் எதைக் கண்டாலும் "போதும்" என்று அவர் சொல்ல வேண்டும், வெட்டுகிறவர் பாதி நகத்தில் இருந்தாலும் நிறுத்த வேண்டும். உடனே துண்டை விலக்கிக் கூண்டுக்குள் விட்டுவிடுங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். ஒரு காலுக்கு நான்கு, மொத்தம் எட்டு நகம். எட்டையும் இன்றைக்கே முடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இன்றைக்கு ஒரு கால், நாளன்றைக்கு இன்னொரு கால் என்று வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

வெட்டும் வேலை இதற்குப் பிறகு சுலபம். பச்சைக் குழந்தைக்கு வெட்டுகிற சின்ன நகவெட்டி போதும், ஆனால் புதிதாக, கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கின நகவெட்டி வெட்டாது, நசுக்கிப் பிளக்கும். பறவையின் கால் துண்டை இறுகப் பற்றிக்கொள்ளும், பிரித்து இழுக்காதீர்கள். ஒரு பென்சிலைக் கொடுத்துப் பிடிக்க வைத்துவிட்டு, ஒவ்வொரு விரலாக விடுவியுங்கள். நகத்துக்கு மிக அருகில் இருக்கிற கணுவை இரண்டு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விரல் அசையாமல் இருந்தால் வெட்டு தவறாது. காலைப் பக்கவாட்டில் திருகக்கூடாது, அது மடங்குகிற திசையிலேயே நீங்கள் வளைந்து கொடுங்கள்.

நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் கொஞ்ச தூரம் ஓடுகின்றன. உங்கள் காக்டெயில் வெளிறிய மஞ்சள் லுட்டினோவாக இருந்தால் அதிர்ஷ்டம்: நகம் கண்ணாடியாக இருக்கும், உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்தக்குழாய், அதற்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிடலாம். சாம்பல் நிறப் பறவைக்கு நகம் கருப்பு, ஒன்றும் தெரியாது. போன் டார்ச்சை நகத்துக்குப் பின்னால் பிடித்தால் சில நகங்களில் நிழலாகத் தெரியும். தெரியாவிட்டால் ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, அந்தக் கொக்கி நுனியை மட்டும் எடுங்கள். வெட்டின முகத்தைப் பாருங்கள். வறண்டு வெளிறியிருந்தால் சரி. நடுவில் ஈரமாகவோ கருமையாகவோ ஒரு புள்ளி தெரிய ஆரம்பித்தால் அதுதான் எல்லை. ரொம்ப நீண்ட நகத்தில் ரத்தக்குழாயும் நீண்டிருக்கும், ஒரே நாளில் சரியான அளவுக்குக் கொண்டுவர முடியாது. சில வாரங்களுக்கு ஒரு முறை நுனி நுனியாக எடுத்துவந்தால் ரத்தக்குழாய் மெல்லப் பின்வாங்கும்.

ரத்தம் வந்துவிட்டது. முதலில், விட்டுவிடாதீர்கள், அதே சமயம் பிடியை இறுக்கவும் கூடாது. பதற்றத்தில் கை தானாக இறுகும், அங்கேதான் ஆபத்து. குவிக் ஸ்டாப் போன்ற, ரத்தத்தை நிறுத்துகிற ஸ்டிப்டிக் பவுடர் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும், மூடியைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வெட்டவே உட்கார வேண்டும். அதில் ஒரு சிட்டிகை எடுத்து நக நுனியில் வைத்து ஒரு நிமிஷம் அழுத்துங்கள். பவுடரை நகத்தில் மட்டும்தான் வைக்கலாம். தோலில் கிழிந்த காயத்திலோ பிய்ந்த இறகிலோ வைத்தால் தசை வெந்துபோகும். பவுடர் இல்லையா, சமையலறையில் இருக்கிற சோள மாவோ மைதாவோ எடுத்து அதே மாதிரி அழுத்துங்கள். உலர்ந்த சோப்புக் கட்டியில் நக நுனியை ஒரு தடவை பதித்து எடுப்பதும் வேலை செய்யும்.

இந்த இடத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். காப்பித்தூள் வேண்டவே வேண்டாம்: பறவை காலைக் கொத்திச் சுத்தம் செய்யும், காஃபின் அதற்கு விஷம். வெற்றிலைச் சுண்ணாம்பு பொசுக்கிவிடும். கோடாலித் தைலம் மாதிரி நெடியான எதையும் பறவை பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. மஞ்சள்தூள் வைத்தால் எல்லாம் மஞ்சளாகி, ரத்தம் நின்றதா இல்லையா என்பதே தெரியாமல் போகும்.

எவ்வளவு ரத்தம் போனால் கவலைப்பட வேண்டும்? பறவையின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ரத்தம். 90 கிராம் காக்டெயில் என்றால் 9 மில்லி. ஆரோக்கியமான பறவை அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1 மில்லிக்குக் கொஞ்சம் குறைவாக, போனாலும் தாங்கிக்கொள்ளும். சொட்டுக் கணக்கில் பதினைந்து பதினெட்டு. நகத்தில் லேசாகப் பட்ட வெட்டு பெரும்பாலும் நாலைந்து சொட்டோடு நின்றுவிடும், அதனால் துண்டில் சிவப்பைப் பார்த்ததும் வீடே கூச்சல் போட வேண்டாம். பட்ஜி 35 கிராம்தான், அதற்கு ஏழு சொட்டே எல்லை. நின்ற பிறகு கூண்டின் அடியில் வெள்ளைத்தாள் விரியுங்கள், குச்சிகளைத் தாழ்வாக மாற்றுங்கள், சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். அரை மணி நேரம் கழித்துத் தாளைப் பாருங்கள். புதுச் சிவப்பு இருந்தாலோ, ஆரம்பத்திலேயே ஐந்து பத்து நிமிஷம் அழுத்தியும் நிற்காவிட்டாலோ, நகத்தை அழுத்தியபடியே டாக்சி பிடியுங்கள்.

துண்டே வேண்டாம் என்கிற வழியும் ஒன்று உண்டு, எனக்குப் பிடித்தது அதுதான். பொறுமை வேண்டும். செல்லப்பிராணிக் கடையில் தினைக் கதிர் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். வள்ளி தினைப்புனத்தில் பரண் போட்டு கிளி ஓட்டினாள் என்றால், அந்த ருசி கிளிக்கூட்டத்துக்கு எவ்வளவு பிடிக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். காக்டெயில் கதிரைக் கொறிக்கிற நேரத்தில் விரலால் அதன் கால்விரலைத் தொடுங்கள், அவ்வளவுதான். சில நாள் கழித்து விரலைப் பிடித்து விடுங்கள். அப்புறம் நக அரத்தைக் காட்டுங்கள், தொடுங்கள், ஒரே ஒரு இழுப்பு. காலை இழுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள், துரத்தாதீர்கள். பழகிய பறவை தினை தின்றபடியே ஒரு காலை நீட்டிக்கொண்டு நிற்கும். உங்கள் மகளுக்கு வயது போதுமென்றால் இந்த வேலையை அவளிடம் கொடுங்கள். பிள்ளைகளுக்கு இதில் நம்மைவிடப் பொறுமை அதிகம். அலகை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வீட்டில் வெட்டவோ தேய்க்கவோ வேண்டாம்.

கடைசியாக மாமனாரின் மாத்தா பூத்தே. அங் மோ கியோவில் கெபுன் பாரு பக்கம் உயரமான கம்பங்களில் மெர்போக் என்கிற சின்னப் புறாக்களின் கூண்டை ஏற்றிவிட்டு, காப்பியோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்கிற பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலருக்குக் கை பழக்கம் அபாரம். சின்னப் பறவையை எவ்வளவு லேசாகப் பிடிக்க வேண்டும் என்று மாமனாருக்குத் தெரிந்திருந்தால், காக்டெயிலைப் பிடிக்கிற வேலைக்கு உங்கள் கணவரைவிட அவரே பொருத்தம். ஆனால் காக்டெயில் கடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மாத்தா பூத்தேயின் அலகுக்குப் பழகியவர் வலியில் கையை உதறிவிடக்கூடாது. அவருடைய பறவைக்கு வெட்டுவது பற்றியும் கேட்டால், ஒரு கணக்கை மட்டும் சொல்லுங்கள்: மாத்தா பூத்தேயின் எடை 10 கிராம் அளவுதான், உடம்பில் மொத்த ரத்தமே 1 மில்லி. இரண்டு சொட்டுக்கு மேல் போகக்கூடாது. அதற்கு நகவெட்டி வேண்டாம், அரத்தால் நுனியை ஒரு தடவை தொட்டுவிட்டு உடனே கூண்டுக்குள் விட்டுவிடட்டும். நகம் அதற்கு மேல் நீண்டு வளைந்திருந்தால் பறவை பார்க்கிற மருத்துவரிடமே காட்டச் சொல்லுங்கள்.